கைக்கோடரியும் கட்டைவிரலும்

டெல்லியில் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் படிக்கும் ஒரு பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். அப்போதெல்லாம் உலக வரலாற்றின் முதல் பாடமே ஆதிமனிதர்கள்தான். போர்டில் நீளமாக ஒரு கோடு போட்டு, எத்தியோப்பியாவில் 1974இல் கிடைத்த லூசி என்ற ஆதி மூதாதையின் எலும்புக்கூடு 32 லட்சம் ஆண்டு, மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத்தில் கிடைத்த நம் இனத்து எலும்புகள் 3 லட்சம் ஆண்டு என்று எழுதுவேன். பிள்ளைகள் அதை அப்படியே உருப்போடுவார்கள். இரண்டு பீரியடில் முடித்துவிட்டு மெசபடோமியாவுக்குப் போய்விடலாம்.

ஒருநாள் கைக்கோடரி, அதாவது ஆதிமனிதர்கள் இருபக்கமும் செதுக்கிக் கையில் பிடித்து வெட்டிய கல், அதன் படத்தைக் காட்டியபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "சார், இது சும்மா உடைஞ்ச கல்லு. அஞ்சு நிமிஷத்துல நானே பண்ணிடுவேன்" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும்போது மெட்ரோவில்தான் உறுத்த ஆரம்பித்தது. எனக்குச் செய்ய வருமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை, சாலை வேலைக்காகக் கொட்டியிருந்த குவியலிலிருந்து நாலைந்து கற்களைப் பொறுக்கி வந்து பால்கனியில் உட்கார்ந்தேன். ஆரவல்லிக் கல், குவார்ட்சைட், லேசில் மசியாது. நடுவில் அடித்தால் சுத்தியல்கல் எகிறுகிறது. விளிம்பில் அடித்தால் தூளாகிறது. சரியான சாய்வில் அடித்தால்தான் அடிப்பக்கத்திலிருந்து ஒரு செதில் பெயரும். அதுவும் ஒரு பக்கம் பெயர்த்த தழும்பையே மேடையாக வைத்து மறுபக்கம் அடிக்க வேண்டும். அடுத்த மூன்று அடிக்கும் கணக்கு மனதில் ஓடாவிட்டால் ஒன்றும் நடக்காது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது, கட்டைவிரல் தப்பவில்லை. மூன்று மணி நேரத்தில் என் கையில் மிஞ்சியது மாங்கொட்டை மாதிரி ஒன்று. மனைவி ஒரு வார்த்தை பேசாமல் துடைப்பத்தை நீட்டினாள்.

திங்கட்கிழமை கட்டுப்போட்ட விரலோடு அந்தக் கல்லை வகுப்பில் சுற்றுக்கு விட்டேன். அஞ்சு நிமிஷக்காரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பேசவில்லை. சேலத்துப் பெண் ஒருத்திதான் எழுந்தாள். "பாட்டி ஊர்ல அம்மி கொத்துறவர் வருவாரு சார். முதல்ல தட்டிச் சத்தம் கேப்பாரு. சத்தத்துலயே கல்லு கீறல் விட்டிருக்கான்னு சொல்லிடுவாரு." நான் ஞாயிறு முழுக்க ஒரு கல்லையும் தட்டிக் கேட்கவில்லை.

அப்புறம் பாடம் வேறு பக்கம் போனது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்ததைச் சொன்னேன். "ஏர்போர்ட் பக்கத்துப் பல்லாவரமா? எங்க சித்தப்பா வீடு அங்கதான்!" என்று ஒரு குரல். சென்னைக்கு வடமேற்கே அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்றதும் இன்னொருவன் துள்ளினான்: "அப்போ முதல் மனுஷனே தமிழன்தான் சார்!"

போர்டில் கிடந்த பழைய கோட்டைக் காட்டினேன். நம் இனமே தலைகாட்டி 3 லட்சம் ஆண்டுதான் ஆகிறது. அத்திரம்பாக்கத்தில் கல்லைச் செதுக்கியவர்கள் அதற்கு எத்தனை காலம் முன்னால்? பையன் விரல் விட்டு எண்ணிவிட்டு உட்கார்ந்தான். அவர்கள் தமிழரும் இல்லை, நம்மைப் போன்ற மனிதரும் இல்லை, ஆனால் என்னைவிட நன்றாகச் செதுக்கினார்கள். இத்தனை வருடம் நான் எழுதிப்போட்ட எண்களுக்கு அன்றைக்குத்தான் ஒரு வேலை வந்தது. இவ்வளவு தூரம் ஏன், ஃபரிதாபாத் பக்கம் அனங்பூரிலேயே பழங்கற்காலக் கருவிகள் கிடைத்திருக்கின்றன என்றேன். நம்பாமல் பார்த்தார்கள்.

2022இல் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று அந்த ஆதிமனிதர் பாடத்தையே என்சிஇஆர்டி பாடநூலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது புத்தகம் எழுத்தும் நகரமுமாகத்தான் தொடங்குகிறது. தவறான முடிவு என்பது என் எண்ணம். தேர்வுக்கு வராது என்று சொல்லிவிட்டே இன்னும் இரண்டு பீரியட் எடுக்கிறேன்.

அந்தக் கல் என் மேசையில் பேப்பர் வெயிட்டாகக் கிடக்கிறது. போன மாதம் நோட்டு வைக்க வந்த மாணவி அதை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "யாரோ கத்துக்குட்டி செஞ்சதா சார்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.