ஐயாவின் தகரப் பெட்டியில் இருந்த கிளார்க் கேபிள்

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டின் இரண்டாங்கட்டில் பூட்டிக் கிடந்த ஓர் அறையை 1986ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் ஒழித்தபோது, ஐயா (என் அப்பாவின் தகப்பனார்) இரங்கூனிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டி வெளியே வந்தது. வட்டிக்கடைச் சிட்டைகளுக்கு அடியில், ஆங்கிலச் சினிமா இதழொன்றிலிருந்து கத்தரித்து நான்காக மடித்து வைத்த ஒரு தாள் இருந்தது. அதில் நடிகர் கிளார்க் கேபிளும் அவருடைய மூன்றாம் மனைவி கரோல் லொம்பார்டும் பண்ணை வேலி ஒன்றில் சாய்ந்தபடி சிரித்துக்கொண்டு நின்றார்கள். அப்பத்தா அந்தத் தாளை வாங்கிக் கண்ணுக்கருகில் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவுக ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் சேர்ந்து இருந்தாகளா?" என்று கேட்டார். எனக்கு அப்போது விடை தெரியவில்லை. அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருப்பதாலும், அந்தக் கேள்வி மறக்காததாலும், கேபிளின் காதல் வாழ்க்கையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் பல ஆண்டுகளாகப் படித்து வந்திருக்கிறேன்.

நம் ஊரில் ஜெமினி கணேசனைக் காதல் மன்னன் என்றோம். அமெரிக்காவில் கேபிளுக்கு அந்த அடைமொழிகூடத் தேவைப்படவில்லை. வெறுமனே மன்னர் என்றே அழைத்தார்கள். 1901ஆம் ஆண்டு ஒஹாயோ மாநிலத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டும் தொழிலாளி ஒருவருக்குப் பிறந்த அவர், பத்து மாதக் குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தார். அவருடைய முதல் இரண்டு மனைவியரும் அவரைவிட ஏறத்தாழ 17 வயது மூத்தவர்கள். இந்த இரண்டு செய்திகளையும் முடிச்சுப் போட்டு, தாயைத் தேடிய பிள்ளை என்று எழுதிவிடுகிறவர்கள் பலர். எனக்கு அது அவசரத் தீர்ப்பாகவே படுகிறது. முதல் மனைவி ஜோசஃபின் டில்லன் நடிப்புப் பயிற்சி ஆசிரியை. கேபிளின் பல்லைச் சீர்படுத்தியதும், நிற்கவும் நடக்கவும் குரலைத் தாழ்த்திப் பேசவும் பழக்கியதும் அவர்தான். 1924இல் மணந்து 1930இல் பிரிந்தார்கள். அடுத்து வந்த ரியா லாங்கம் செல்வம் மிகுந்த டெக்சாஸ் சீமாட்டி. எந்த மேசையில் எப்படி அமர வேண்டும், எந்த உடையை எங்கே அணிய வேண்டும் என்பது கேபிளுக்கு அவர் வழியாகவே கைவந்ததாகச் சொல்வார்கள். தொழிலாளி மகனைக் கனவானாக்கிய முதலீடு இவ்விரு பெண்களுடையது. அதன் வரவு யாருடைய பேரேட்டில் ஏறியது என்று பார்த்தால், கேபிளை ஒப்பந்தத்தில் வைத்திருந்த எம்.ஜி.எம். திரைப்பட நிறுவனத்தின் பேரேட்டில்தான்.

இங்கே செட்டிநாட்டுக்காரர்களுக்கு எளிதில் விளங்கும் ஒரு செய்தி உண்டு. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன எங்கள் வீட்டு ஆண்கள் மூன்றாண்டுக் கணக்குக்குக் கட்டுப்பட்டவர்கள். கணக்கு முடியும்வரை பெண்டாட்டி பிள்ளைகள் இங்கே, அவர்கள் அங்கே. ஐயா இரங்கூன் கடையில் அடுத்தாளாக (கடை முகவருக்கு அடுத்த நிலைப் பணியாளாக) இருந்த காலம் முழுவதும் அப்பத்தா இந்த வளவு வீட்டில்தான் நாள்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஹாலிவுட்டின் நடிகர்களும் அதைப் போலவே ஸ்டுடியோவோடு பல ஆண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டவர்கள். அதில் நன்னடத்தை விதி என்ற ஒன்றும் இருந்தது, ஊர் முகம் சுளிக்கும்படி நடந்தால் வேலை போய்விடும். 1931இல் கேபிளுக்கும் நடிகை ஜோன் கிராஃபோர்டுக்கும் காதல் மூண்டபோது இருவருக்கும் வேறு துணை இருந்தது. ஸ்டுடியோ தலைவர் லூயி பி. மேயர் அந்த உறவை நிறுத்தச் சொன்னார். அவர்கள் அடங்கிப் போனார்கள், ஆனால் திரையில் ஜோடியாக எட்டுப் படங்கள் வரை நடித்தார்கள். திரையில் காதலிப்பதற்குச் சம்பளமும் வெளியில் காதலிப்பதற்குத் தடையும் ஒரே முதலாளியிடமிருந்து வந்தன.

அந்த விதியின் முழு விலையைக் கொடுத்தவர் ஒரு குழந்தை. 1935இல் வெளிவந்த ஒரு படத்துக்காக வாஷிங்டன் மாநிலத்துப் பனிமலையில் கேபிளோடு நடித்த லொரெட்டா யங், தீவிர கத்தோலிக்கர், அப்போது 22 வயதுப் பெண். படப்பிடிப்பு முடிந்தபின் அவர் கருவுற்றிருப்பது தெரியவந்தது. வெளியே தெரிந்தால் இருவர் பிழைப்பும் போய்விடும் என்பதால் அவர் ஐரோப்பா சென்றார், பின்னர் நோயுற்றதாகச் சொல்லி வீட்டுக்குள் மறைந்திருந்தார்; அந்த ஆண்டு நவம்பரில் ஒரு பெண் குழந்தையைப் பெற்று, அதை ஆதரவற்றோர் இல்லத்தில் சிறிது காலம் விட்டு வைத்து, பிறகு தாம் பெற்ற பிள்ளையையே தத்துப் பிள்ளை என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஜூடி என்ற அந்தப் பெண்ணுக்குத் தகப்பனின் விரிந்த காதுகள் அப்படியே வாய்த்திருந்தன. சிறு வயதிலேயே அறுவைச் சிகிச்சை செய்து அவற்றை ஒட்டி வைத்தார்கள். ஊரில் பலருக்கும் தெரிந்திருந்த உண்மை, தம் திருமணத்துக்குச் சற்று முன்பு மணமகன் சொல்லித்தான் ஜூடிக்குத் தெரிந்தது. அவருடைய 15 வயதில் கேபிள் ஒரே ஒருமுறை வீட்டுக்கு வந்து, சற்று நேரம் பேசியிருந்து, நெற்றியில் முத்தமிட்டுப் போனார். தான் இன்னார் என்று சொல்லவில்லை.

நீண்ட காலம் இதை ஒரு மறைமுகக் காதலின் சோகமாகவே நானும் படித்து வந்தேன். 2015இல் லொரெட்டாவின் மருமகள் ஒருவர் வெளியிட்ட செய்தி அந்த எண்ணத்தை மாற்றியது. அன்று நடந்தது தம் இசைவோடு நடந்ததல்ல என்றும், அதற்கு ஒரு பெயர் உண்டு என்பதையே 80 வயதைக் கடந்தபின் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் கேட்டுத்தான் அறிந்தார் என்றும் லொரெட்டா வீட்டாரிடம் சொல்லியிருந்தாராம். அப்போது கேபிளும் இல்லை, லொரெட்டாவும் இல்லை, ஜூடியும் இல்லை. பதில் சொல்ல யாரும் மிஞ்சவில்லை. ஆனாலும் இதை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேபிளின் காதல்களைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

கரோல் லொம்பார்டின் கதை வேறு. 1932இல் இருவரும் சேர்ந்து நடித்த ஒரே படத்தின்போது அவர்களுக்குள் ஒன்றும் இல்லை. லொம்பார்ட் அன்று நடிகர் வில்லியம் பவலின் மனைவி. 1936 தொடக்கத்தில் ஒரு விருந்தில் மீண்டும் பழகத் தொடங்கினார்கள். ரியா மணவிலக்குத் தர எளிதில் உடன்படவில்லை. 1939 தொடக்கத்தில் ஃபோட்டோபிளே இதழ், மணமாகாமலே கணவன் மனைவியாக வாழும் நட்சத்திரங்கள் என்று இவர்களையும் சேர்த்து எழுதியதும் ஸ்டுடியோவுக்கு வியர்த்துவிட்டது. மார்ச் மாதத்தில் மணவிலக்கு கிடைத்தது. ரெட் பட்லர் என்ற பாத்திரத்தில் கேபிள் நடித்துக்கொண்டிருந்த 'கான் வித் தி விண்ட்' என்ற பெரும்படத்தின் படப்பிடிப்பில் கிடைத்த ஓர் இடைவெளியில், மார்ச் 29 அன்று, காரிலேயே அரிசோனாவின் கிங்மேன் என்ற சிற்றூருக்குப் போய் மணந்துகொண்டு வந்தார்கள். உடன் சென்றவர் ஸ்டுடியோவின் விளம்பர அலுவலர் ஓட்டோ விங்க்ளர். எங்கள் பக்கத்தில் முறைச்சிட்டை என்னும் செய்முறைப் பட்டியலைப் புரட்டி, பங்காளிகளை அழைத்து, வேவு என்னும் சீர்ப்பொருள்களை இறக்கி நடத்தும் கல்யாணத்தைப் பார்த்துப் பழகியவளுக்கு, மன்னரின் கல்யாணம் இவ்வளவு எளிமையாக முடிந்தது வேடிக்கையாகவே இருக்கிறது.

லொஸ் ஏஞ்சலிஸுக்கு அருகே என்சினோவில் 20 ஏக்கர் பண்ணை வாங்கிக் குடியேறினார்கள். கோழி வளர்த்தார்கள், குதிரை வைத்திருந்தார்கள், லொம்பார்ட் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொண்டு கணவரோடு வாத்து வேட்டைக்குப் போனார். ஒருவரையொருவர் 'மா' என்றும் 'பா' என்றும் கூப்பிட்டுக்கொண்டார்கள். கணவர் பெயரைச் சொல்லாமல் 'அவுக' என்றே வாழ்நாளை ஓட்டிய அப்பத்தாவுக்கு இது மட்டும் பிடிபட்டிருக்கும். அதற்காக அந்த வீட்டில் பூசலே இல்லை என்று எண்ண வேண்டாம். மணமானபின்னும் கேபிளின் கண் அலைவதை லொம்பார்ட் அறிந்திருந்தார். குழந்தை வேண்டுமென்று ஏங்கினார்கள், அதுவும் அமையவில்லை. ஐயா கத்தரித்து வைத்த படம் அந்தப் பண்ணையில் எடுத்ததாகத்தான் இருக்க வேண்டும்.

1942 ஜனவரியில் லொம்பார்ட் போர்க்கடன் பத்திரம் விற்பதற்காகத் தம் சொந்த மாநிலமான இந்தியானாவுக்குப் போனார்; இந்தியானாபொலிஸ் நகரில் ஒரே நாளில் 20 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். இரயிலில் திரும்புவதாக இருந்தது. அவருக்கு வீடு போய்ச் சேரும் அவசரம். விங்க்ளரோடு காசு சுண்டிப் பார்த்து விமானத்தை முடிவு செய்தாராம். 16ஆம் தேதி மாலை, லாஸ் வேகாஸில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு கிளம்பிய விமானம் சிறிது நேரத்தில் பொட்டோசி மலையில் மோதியது. லொம்பார்டும் அவருடைய தாயாரும், கிங்மேன் கல்யாணத்துக்குக் கூடப் போன விங்க்ளரும் உட்பட 22 பேரும் மாண்டார்கள். லொம்பார்டுக்கு 33 வயது. பனி மூடிய மலையிலிருந்து உடல் இறங்கி வரும்வரை கேபிள் அந்த ஊரிலேயே காத்திருந்தார்.

அதே வாரங்களில்தான், ஜப்பானியக் குண்டுவீச்சுக்குப்பின் இரங்கூனை விட்டு ஐயா கிளம்பிக்கொண்டிருந்தார். கடையின் சொத்தெல்லாம் அங்கேயே போயிற்று. தகரப் பெட்டி மட்டும் வந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்டில், 41 வயதில், கேபிள் விமானப்படையில் சேர்ந்து இங்கிலாந்திலிருந்து குண்டுவீச்சு விமானங்களில் பறந்தார். சாகத்தான் போனார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். மனத்துக்குள் இருந்தது யாருக்குத் தெரியும். 1949இல் மணந்த சில்வியா ஆஷ்லி, நடிகர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸின் விதவை, அதாவது பழைய காதலி கிராஃபோர்டுக்கு ஒருகாலத்தில் மாமனாராக இருந்தவரின் மனைவி. உறவுமுறை சொல்வதில் வல்லவர்களான எங்கள் ஆச்சிமாரே திணறியிருப்பார்கள். அந்தக் கல்யாணம் மூன்றாண்டுக் கணக்குக்கூட முழுதாய் ஓடவில்லை. 1955இல் மணந்த கே வில்லியம்ஸோடுதான் ஓரளவு அமைதியாக வாழ்ந்தார். 1960 நவம்பரில், கடைசிப் படம் முடிந்த சில நாள்களுக்குள் மாரடைப்பு வந்து, 16ஆம் தேதி 59 வயதில் இறந்தார். அவர் ஏங்கிய மகன் 1961 மார்ச்சில் பிறந்தான்.

கர்ப்பிணியாக இருந்த கே, கணவரை லொம்பார்டின் பக்கத்தில் அடக்கம் செய்தார். பிறக்கப்போகும் பிள்ளையைச் சுமந்துகொண்டு, வேறொருத்திக்கு அருகில் இடம் கொடுத்த அந்தப் பெண்ணைப் பற்றி யாரும் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதவில்லை என்பதுதான் என் குறை.

அப்பத்தா கேட்டபோது இதெல்லாம் தெரிந்திருந்தால், மூன்று ஆண்டுகூட நிறைவாக இருக்கவில்லை அப்பத்தா, ஆனால் இப்போது பக்கத்தில்தான் இருக்கிறார்கள் என்று சொல்லியிருப்பேன். அவர் அன்று பதிலுக்குக் காத்திருக்காமல் தாளைத் திருப்பினார். பின்பக்கத்தில் ஐயாவின் கையெழுத்தில், பென்சிலால், மாதங்களின் பெயர்கள் வரிசையாக எழுதி ஒவ்வொன்றாக அடித்திருந்தன. நான்கு மாதங்கள் அடிக்கப்படாமல் இருந்தன.