தாலி ஊக்கும் ரேடியேட்டர் ஃபேனும்

பழைய மாருதி 800 வைத்திருப்பவனுக்குக் காரைப் பார்த்துக்கொள்வது பெரிய வேலையே இல்லை. ஆயில் மாற்றினோமா, பிளக்கைத் துடைத்தோமா, கூலன்ட் குறைந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தோமா, முடிந்தது. காரைப் பார்த்ததும் கிட்டே வந்து "எங்க அப்பாகிட்டயும் இதே வண்டி இருந்துச்சு சார்" என்று ஆரம்பிக்கிறவர்களுக்குக் காது கொடுப்பதுதான் வேலை. பெட்ரோல் பங்கில் பிடிப்பார்கள், சிக்னலில் கண்ணாடியைத் தட்டுவார்கள். ஒரு தடவை சாவு வீட்டு வாசலில், இறந்துபோனவருடைய தம்பியே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "இப்ப என்ன மைலேஜ் குடுக்குது?" என்று கேட்டார். நானும் துக்கம் விசாரிக்கிற குரலிலேயே பதினாறு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. 1983 டிசம்பர் 14ஆம் தேதி இந்திரா காந்தி முதல் வண்டியின் சாவியைக் கொடுத்ததிலிருந்து, 2014 ஜனவரியில் உற்பத்தியை நிறுத்தும் வரைக்கும் இருபத்தைந்து லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி இது. அப்பா வாங்கியது, சித்தப்பா இடித்தது, அண்ணன் ஓட்டிப் பழகியது, அத்தை கல்யாணத்துக்குப் பூச்சரம் கட்டியது என்று கணக்குப் போட்டால் பாதி நாட்டுக்கு இந்தக் காரில் பாத்தியதை இருக்கிறது.

என்னுடையது 1994 மாடல், வெள்ளை. 796 சிசி, மூன்று சிலிண்டர், நாலு கியர், கார்புரேட்டர். ஏசி கிடையாது, பவர் ஸ்டீயரிங் கிடையாது. மொத்த எடையே 650 கிலோ அளவுதான் என்பதால், அல்சூரில் எங்கள் சந்தில் யாராவது பைக்கைக் குறுக்கே நிறுத்திவிட்டால் எதிர்வீட்டுப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்தி வைத்துவிடுவார்கள். மார்கழி மாதத்துப் பெங்களூர்க் காலையில் சோக்கை முழுக்க இழுத்தால்தான் எழுந்திருக்கும், எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் இருமிக்கொண்டுதான் நிற்கும், அதற்குள் மாடி வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து "சோக்கைப் பாதி உள்ளே தள்ளுங்க சார்" என்பார். அவருடைய மாமனாரிடம் ஒரு 800 இருந்ததாம்.

எங்களைப் போன்ற கிறுக்குகள் ஒரு கூட்டமாக ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நந்தி மலைப் பக்கம் போவோம். மூன்று நான்கு 800, ஒரு பழைய ஜென், எப்போதாவது ஒரு பிரீமியர் பத்மினி. ஓட்டுவதைவிட நிறுத்தி வைத்துவிட்டு பானெட்டைத் திறந்து பேசுவதுதான் அதிகம். பிளக்குக்குத் தீப்பொறி வரவைக்கும் சி.பி. பாயிண்ட்டின் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகட்டை வைத்து 0.4 மில்லிமீட்டருக்குக் கொண்டுவருவது எப்படி, பங்கில் இப்போது வரும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலால் பழைய ரப்பர் ஹோஸ் உப்பி வெடிப்பதற்குள் எதை மாற்ற வேண்டும், இப்படி இட்லி ஆறிப்போகும் வரைக்கும் போகும். ஜென் வைத்திருப்பவர் மட்டும் சட்னியில் கவனமாக இருப்பார். அவருக்கு நாங்கள் எல்லாம் ஒரு படி கீழே.

பாகம் வேண்டுமென்றால் ஜேசி ரோடு. அங்கே கடைக்காரர் முதலில் "டைப் ஒண்ணா, ரெண்டா?" என்று மாடலைக் கேட்பார். அடுத்து வருவதுதான் உண்மையான கேள்வி: "ஒரிஜினல் வேணுமா, டூப்ளிகேட் வேணுமா, நல்ல டூப்ளிகேட் வேணுமா?" ஒரிஜினல் பல சமயம் இருக்காது. ரேடியேட்டர் ஃபேனை ஓடவைக்கும் தெர்மோ சுவிட்ச் போனபோது எனக்குக் கிடைத்தது நல்ல டூப்ளிகேட்.

வீட்டில் இந்தக் காருக்கு ஆதரவு குறைவு. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி என்பதால் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 2025இல் இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கினார்கள். அந்தச் செய்தியை என் மனைவி சத்தமாக வாசித்தார், இரண்டு தடவை. டெல்லியில் இருக்கும் மச்சினனின் பேரைச் சொல்லித் தப்பித்தேன். அங்கே பதினைந்து வருஷத்துக்கு மேற்பட்ட பெட்ரோல் வண்டி ஓடக்கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட, அவன் தன் காரைக் கண் கலங்கக் கொடுத்தான், நமக்கு அந்தக் கஷ்டம் இல்லையே, பணத்தோடு போகிறதே என்றேன். முறைத்தார்.

இதற்கு நடுவில்தான் சேலத்திலிருந்து மாமாவும் அத்தையும் வந்தார்கள். மாமா அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வாசலில் நின்ற காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தீப்பெட்டிக்குச் சக்கரம் வெச்சாப்ல இருக்குதுங்க மாப்பிள்ளை" என்றார். பொம்மசந்திராவில் உறவுக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழா. மனைவி முந்தின நாளே போய்விட்டிருந்தார். மெட்ரோவில் போகலாம், 2025 ஆகஸ்டில் வந்த மஞ்சள் தடம் நேராகப் பொம்மசந்திரா வரைக்குமே போகிறது என்று நான்தான் சொன்னேன். அத்தை மடியில் ஒரு பெரிய குத்துவிளக்கு, பரிசுக்கு வாங்கியது. அதைத் தூக்கிக்கொண்டு படியேற முடியாது என்று காரில் ஏறினார்கள். அத்தை பட்டுப்புடவை, மாமா பட்டு வேட்டி. சித்திரை மாதம், காலை பத்தரை மணி.

மடிவாளாவில் தமிழ்நாட்டு ஆம்னி பஸ்கள் நிற்கும் இடத்தைத் தாண்டும்போது அந்த டிரைவர்கள் வண்டியை நிறுத்தியிருந்த லட்சணத்தை மாமா திட்டிக்கொண்டே வந்தார். சில்க் போர்டு தாண்டியதும் மேம்பாலத்தில் ஏறப் போனேன். "டோலு எதுக்குங்க மாப்பிள்ளை, கீழதான் ரோடு கெடக்குதே" என்றார். கெடந்தது. பொம்மனஹள்ளி சிக்னலுக்கு வெகு தூரத்துக்கு முன்னாலேயே அசையாமல் கெடந்தது.

ரேடியேட்டர் ஃபேன் கெட்டுப்போனால் ஓடிக்கொண்டிருக்கும் வரை தெரியவே தெரியாது. வேகத்தில் அடிக்கும் காற்றே எஞ்சினைக் குளிர்விக்கப் போதும். நின்றால்தான் ஃபேனுக்கு வேலை. வெப்பம் காட்டும் முள் நடுவைத் தாண்டி மேலே நகர்ந்தது, முன்னாலிருந்து ஃபேன் சத்தம் வரவில்லை. உடனே ஹீட்டரை முழுக்கத் திறந்து விட்டேன். கேட்பதற்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும், ஆனால் ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்குள் இருக்கிற ஒரு சின்ன ரேடியேட்டர், எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் வாங்கி உள்ளே ஊதும். முள் நின்றது. காருக்குள் இருந்தவர்கள் நிற்கவில்லை. சித்திரை வெயில் வெளியே, எஞ்சின் சூடு காலடியில், மாமா பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு, "இது ஏசிங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டார். கிண்டலா, உண்மையான சந்தேகமா என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

முள் மறுபடியும் ஏறியது. எஞ்சினின் மேல்பாகம் அலுமினிய ஹெட், சூடு அதிகமானால் வளையும், ஹெட் கேஸ்கட் போகும், அப்புறம் செலவு பத்தாயிரங்களில். ஓரம் கட்டி எஞ்சினை அணைத்து பானெட்டைத் திறந்தேன்.

பானெட் கம்பியை மாட்டி முடிப்பதற்குள் ஆள் சேர்ந்துவிட்டது. முதலில் ஓர் ஆட்டோக்காரர். "மூடியத் தெறந்து தண்ணி ஊத்துங்க சார்" என்று கையில் துணியோடு வந்தே விட்டார். மாமா கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தார். "தம்பி! கைய எடு! மூஞ்சி வெந்துபோகும்!" அது அனுபவத்தில் வந்த குரல். மூடி அழுத்தம் கொடுத்து வைத்திருப்பதால்தான் உள்ளே தண்ணீர் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது, திறந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். ஆட்டோக்காரர் இரண்டடி பின்னால் போனார். அதற்குள் சாப்பாடு கொண்டுபோகிற ஒரு பையன் யாருடைய பிரியாணியையோ முதுகில் சுமந்தபடி உள்ளே குனிந்து "தெர்மோஸ்டாட்தான்" என்றான். பெரிய எஸ்யூவியில் வந்த ஒருவர் அதைப் பின்னால் வருபவர்களுக்கு இடைஞ்சலாக நிறுத்திவிட்டு இறங்கி வந்து, எதுவும் சொல்லாமல், மட்கார்டைத் தடவிக்கொண்டே நின்றார். அவருடைய அப்பாவிடம் சிவப்பு இருந்ததாம்.

கடைசியாக டிராஃபிக் போலீஸ்காரர். "ஏனாயித்து?" என்று அதட்டிக்கொண்டு வந்தவர் வண்டியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவருடைய மாமாவிடம் இதே வண்டி இருந்ததாம், ஓட்டக் கற்றுக்கொண்டதே அதில்தானாம். ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்க்கட்டுமா என்று கேட்டார். போலீஸ்காரர் கேட்டால் யார் மாட்டேன் என்பது? டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கிளட்சை மிதித்து மிதித்து விட்டுக் கியர் போட்டுப் பார்த்தார். வெளியே சிக்னல் தன்பாட்டுக்கு நடந்தது.

இந்தக் கூச்சலில் தலைக்கு மேலே மெட்ரோ ஒன்று போனது. மாமா அண்ணாந்து ரயிலைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

எனக்குச் சந்தேகமெல்லாம் அந்த நல்ல டூப்ளிகேட் மேல்தான். சுவிட்சில் மாட்டியிருக்கும் ஒயர் கப்ளரைக் கழற்றி, உள்ளே இருக்கும் இரண்டு முனையையும் ஒரு கம்பியால் சேர்த்துவிட்டால் ஃபேன் நேராக ஓட வேண்டும். ஓடினால் சுவிட்ச் போய்விட்டது, ஓடாவிட்டால் ஃபியூஸோ ஃபேனோ. கம்பிக்கு எங்கே போக? கூட்டம் மொத்தமும் பாக்கெட்டைத் தடவியது. எஸ்யூவிக்காரர் தன் கார்ச் சாவியை நீட்டினார், பெரிய மனசு, ஆனால் பிளாஸ்டிக்.

"ஒரு துண்டுக் கம்பி இருந்தாப் போதும்" என்று நான் சொன்னது பின் சீட்டுக்குக் கேட்டிருக்கிறது. அதுவரைக்கும் குத்துவிளக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வியர்வையில் ஒன்றுமே பேசாமல் இருந்த அத்தை, தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி ஜன்னல் வழியாக நீட்டினார். "இதுல ஆகுமான்னு பாருங்க மாப்பிள்ளை."

"அடியே, தாலியில இருக்கறத எடுத்தா குடுக்கற?" என்றார் மாமா.

"இன்னும் மூணு கெடக்குது, நீங்க சும்மா இருங்க."

ஊக்கை விரித்து வளைத்து இரண்டு காலையும் கப்ளரின் இரண்டு துளைக்குள் செருகினேன். உள்ளே உட்கார்ந்திருந்த போலீஸ்காரரிடம் சாவியைத் திருப்பச் சொன்னேன். விர்ரென்று ஃபேன் சுற்றியது. பிரியாணிப் பையன் விசில் அடித்தான், ஆட்டோக்காரர் தன் வண்டியிலிருந்து இன்சுலேஷன் டேப் கொண்டுவந்து ஊக்கு பாடியில் படாதபடி சுற்றிக் கொடுத்தார், தெர்மோஸ்டாட்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று பையன் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனான்.

சூடு இறங்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் எஸ்யூவிக்காரர் அப்பாவின் சிவப்பு காரில் திருப்பதி போன கதையை முழுசாகச் சொன்னார், ஆறு பேர், ரூஃப் கேரியரில் மூட்டைகள், நாற்பது குதிரைத்திறன்கூட இல்லாத எஞ்சின், மலையில் முதல் கியரை விட்டு இறங்கவே இல்லையாம். போலீஸ்காரர் ஒரு வழியாக இறங்கினார், விற்பதாக இருந்தால் சொல்லுங்கள் என்று நம்பரும் கொடுத்தார். ஓரம் கட்டியதற்கு அபராதம் கிடையாது. எஸ்யூவிக்காரருக்கு மட்டும் போட்டார்.

மறுபடி கிளம்பும்போது மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு "சாவியக் குடுங்க" என்றார். கொடுத்தேன். பஸ் ஸ்டீயரிங்கைச் சுற்றிச் சுற்றிப் பழகிய கை, எங்கள் ஸ்டீயரிங்கையும் அதே வீச்சில் சுற்ற, கூடலு கேட் திருப்பத்தில் கார் கிட்டத்தட்ட ஒரு டீக்கடைக்குள் போய்த் திரும்பியது. அதற்கப்புறம் பிடி கிடைத்துவிட்டது. இரண்டு லாரிக்கு நடுவில் இருந்த சந்தில் நுழைந்து வெளியே வந்தார், தேவையே இல்லாத இடத்தில். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. விழா வீட்டில் பால் காய்ச்சி முடித்து, சாப்பாட்டுக்கு இலை போட்டிருந்தார்கள். மாமா இலையில் உட்காராமல் வாசலில் நின்று, வருகிறவர்களிடமெல்லாம் பானெட்டைத் திறந்து ஊக்கைக் காட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சிவாஜிநகரில் எங்கள் மெக்கானிக் பாய் அதைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு எடுக்கணும்?" என்றார். பிடிவாதமாக ஒரிஜினல் சுவிட்ச் ஒன்றைத் தேடிப் போடவைத்தேன். ஊக்கு அத்தையிடம் போய்ச் சேர்ந்தது, கொஞ்சம் கறுத்துப்போய்.

இப்போது மாமா சேலத்தில் தனக்கு ஒரு 800 தேடிக்கொண்டிருக்கிறார். தினமும் ஒரு வண்டியின் படம் வாட்ஸ்அப்பில் வருகிறது. பெயிண்ட்டைப் பார்க்காதீர்கள், இந்த வண்டிக்கு எதிரி துரு, கால் மிதியடியைத் தூக்கித் தரையைப் பாருங்கள், பேட்டரித் தட்டுக்கு அடியில் போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். "ஆகட்டுங்க மாப்பிள்ளை" என்கிறார். மறுநாள் படம் வருகிறது: கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, பானெட்டில் கை ஊன்றி, அவர்.