கடைசியா எப்போ ஊசி போட்டீங்க?

காயத்தோடு வருகிறவர்களிடம் நாங்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. ரண ஜன்னி (டெட்டனஸ்) வராமல் தடுக்கும் டி.டி. ஊசியைத்தான் கேட்கிறோம். குளச்சல் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். இதற்குத் தேதியோடு பதில் சொன்ன பெரியவர் யாரையும் எனக்கு நினைவில்லை. ஆண்கள் அடிபட்டதை வைத்துச் சொல்வார்கள், வண்டியிலிருந்து விழுந்தபோது போட்டது, வள்ளத்தில் ஆணி குத்தினபோது போட்டது என்று. பெண்கள் பிள்ளையை வைத்துச் சொல்வார்கள். "இளையவன் வயித்துல கிடக்கும்போ போட்டது சிஸ்டர்." அந்த இளையவனுக்கு இப்போது முப்பது வயது இருக்கும், அப்படியென்றால் முப்பது வருடமாக அந்த அம்மாவுக்கு ஊசியே இல்லை.

நம்மூரில் தடுப்பூசி என்றாலே குழந்தைக்கு, இல்லையென்றால் கர்ப்பிணிக்கு. அரசு அட்டவணையும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. போடுகிறோம், அப்புறம் பெண்கள் உண்டானால் போடுகிறோம், அதோடு சரி. 16 வயதைத் தாண்டிய ஆணுக்கு அதில் இடமே கிடையாது. ஆனால் சின்ன வயதில் போட்ட ஊசியின் பலம் போகப் போகக் குறையும், பத்து வருடத்துக்கு ஒரு தடவை பூஸ்டர் வேண்டும். ரப்பர் பால் வெட்டுகிறவர், பனையேறுகிறவர், வலை இழுக்கிறவர் எல்லோருக்கும் காயம் படுவது அந்த 16 வயதுக்கு மேலேதான்.

மீன் விற்கிற ஓர் அம்மா ஒருநாள் வந்தார். உள்ளங்கையில், பெருவிரலுக்குக் கீழே கெளுத்தி முள் ஏறி ஒடிந்து நின்றது. மேலே மஞ்சள்பொடி வைத்து ஒரு சேலைத் துணியைச் சுற்றியிருந்தார், அது ஒட்டிக்கொண்டதால் தண்ணீர் விட்டு நனைத்து நனைத்துத்தான் பிரிக்க முடிந்தது. "மக்ளே, முள்ளை மட்டும் எடுத்து விடு, ஊசி வேண்டாம், கை வீங்கினா நாளைக்கு யாவாரம் போச்சு" என்றார். ரத்தம் அதிகம் வரவில்லை, அதனால் சின்னக் காயம்தான் என்பது அவர் கணக்கு. ரண ஜன்னிக்குப் பெரிய காயம் தேவையே இல்லை. அதன் கிருமி மண்ணிலும் சாணியிலும் சாகாமல் கிடக்கும், காற்றுப் படாத ஆழமான குத்து கிடைத்தால் உள்ளே வளர்ந்து நஞ்சைக் கக்கும். தாடை இறுகும், வாய் திறக்காது, உடம்பு வில்லாக வளையும். அது வந்து பிழைத்தவருக்குக்கூட எதிர்ப்பு சக்தி வராது, அவரும் ஊசி போட்டாக வேண்டும்.

அந்த அம்மாவுக்குச் சின்ன வயதில் ஏதாவது போட்டார்களா என்பதே தெரியவில்லை. இப்படிப்பட்டவர்களுக்குக் காயம் பட்ட அன்று போடும் ஒரு ஊசி போதாது. முதல் ஊசி, குறைந்தது நான்கு வாரம் கழித்து இரண்டாவது, அதற்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மூன்றாவது. காயம் அழுக்காக இருந்தால், உடனே பாதுகாப்புத் தரும் தயார்நிலை எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். காயம் ஆறிவிட்டால் இரண்டாவது ஊசிக்கு ஆள் வருவதில்லை, என்னை அதிகம் வருத்துவது இதுதான். இன்னொரு பக்கம், டி.டி. ஆறு மாதம்தான் தாங்கும் என்று நம்பி லேசான கீறலுக்கெல்லாம் ஓடி வந்து போட்டுக்கொள்ளும் இளைஞர்களும் உண்டு. மூன்று ஊசியும் முறையாகப் போட்டிருந்தால் சுத்தமான காயத்துக்குப் பத்து வருடம்வரை, அழுக்குக் காயத்துக்கு ஐந்து வருடம்வரை மறுபடி போடத் தேவையில்லை.

சரி, காயமே படாதவருக்கு எதற்கு? 2019 வாக்கிலிருந்து அரசு போடும் டி.டி. ஊசியில் தொண்டை அடைப்பானுக்கான (டிப்தீரியா) மருந்தும் சேர்ந்திருக்கிறது. அந்த நோய்க்குக் காயம் வேண்டாம், இருமலும் மூச்சும் போதும். 2016-ல் கேரளத்து மலப்புரத்தில் அது பரவியபோது பத்து வயதைத் தாண்டியவர்கள்தான் அதிகம் அகப்பட்டார்கள். தொண்டையில் சாம்பல் நிறத்தில் படலம் கட்டி மூச்சை அடைக்கும், நஞ்சு இதயத்தையும் பிடிக்கும். மலப்புரம் நமக்கு ஒரு ராத்திரி ரயில் தூரம்தான்.

பெரியவர்களுக்கும் தேவைப்படக்கூடிய இன்னொரு தடுப்பு மருந்து போலியோவுக்கானது, அதன் கதை வேறு. 2014-ல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்துவிட்டது. ஆனால் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அது இன்னும் இருக்கிறது, அங்கே போகிறவர் பெரியவரானாலும் நான்கு வாரம் முன்பே ஒரு தவணை போட்டுக்கொள்ள வேண்டும். பிரான்ஸில் ரண ஜன்னி, தொண்டை அடைப்பான், போலியோ மூன்றுக்கும் சேர்த்து 25, 45, 65 வயதுகளில் பெரியவர்களுக்குப் பூஸ்டர் போடுகிறார்கள். வயதை வைத்துச் சொன்னால் யாருக்கும் மறக்காது, எனக்கு அந்த முறை ரொம்பப் பிடித்திருக்கிறது.

பெரியவர்களுக்குத் தடுப்பூசி என்பது நம் குமரி மாவட்டத்துக்குப் புதிதும் இல்லை. திருவிதாங்கூரோடு இருந்த காலத்திலேயே, 1879-ல், அரசு ஊழியர்களும் கைதிகளும் மாணவர்களும் அம்மை குத்திக்கொண்டே ஆக வேண்டும் என்று அரச ஆணை போட்டார்கள். பெரியவர்களையும் கணக்கில் எடுத்த ஆணை அது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷருக்கும் சுகருக்கும் வீடு தேடிப் போய் மாத்திரை கொடுக்கிறோம். அதற்கான நோட்டிலேயே டி.டி. போட்ட தேதிக்கும் ஒரு பத்தி சேர்த்தால் போதும் என்று நினைக்கிறேன். அதுவரை, ஊசி போட்ட அன்றே சீட்டைப் போனில் படம் எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள் என்று வருகிறவர்களிடம் சொல்லி வருகிறேன். சீட்டு தொலைந்தாலும் தேதி மகள் போனிலோ மருமகன் போனிலோ இருக்கும். கை ஒன்றிரண்டு நாள் வலிக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.