பெகு வயலில் 40 நாள் மருந்தடிக்காமல் இருந்தது

பர்மாவில் பெகு பக்கத்தில் எங்களுக்கு 3 ஏக்கர். மழைக்காலத்தில் நெல், அறுத்ததும் அதே ஈரத்தில் உளுந்து. நாலு வருஷத்துக்கு முன்னால் வரை நெல்லுக்கு மட்டும் ஐந்து தடவை மருந்தடித்தோம். நட்ட பதினைந்தாம் நாள் இலை சுருண்டிருக்கிறது என்று ஒரு தடவை, யூரியா போட்ட பிறகு ஒரு தடவை, பக்கத்து வயல்காரர் அடித்தால் பூச்சியெல்லாம் நம் பக்கம் வந்துவிடுமே என்று இன்னொரு தடவை. பாட்டிலில் சீன எழுத்தோ தாய்லாந்து எழுத்தோதான் இருக்கும், கடைக்காரர் வாயால் சொல்வதுதான் அளவு.

ஒரு வருஷம் அடித்த மறுநாள் காலையில் வரப்போரத் தண்ணீரில் பொடி மீன்கள் வயிறு வெளுத்து மிதந்தன. மழைக்காலம் முழுக்க நாங்கள் குழம்பு வைக்கிற மீன் அது. மூன்று வாரத்தில் வயல் நடுவில் வட்டம் வட்டமாகத் தீயில் வாட்டியது போலப் பயிர் காய்ந்தது. புகையான், தூரின் அடியில் சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி. நாங்கள் ஊலே என்று கூப்பிடும் பர்மியப் பெரியவர் பக்கத்து வயலில் காசில்லாமல் மருந்தே வாங்கவில்லை, அவர் பயிர் பச்சையாக நின்றது. எனக்கு அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். இந்தோனேசியாவில் இதே புகையானால் அடிபட்டு, 1986இல் நெல்லுக்கு 57 மருந்துகளை அரசாங்கமே தடை செய்திருக்கிறது. மருந்து முதலில் கொல்வது புகையானைத் தின்னும் சிலந்தியை, தூரின் அடியில் இலையுறைக்குள் இருக்கும் புகையான் முட்டை தப்பித்துக்கொள்ளும், பொரித்ததும் தின்ன ஆளில்லாமல் பெருகும். முதல் 40 நாளில் இலையைப் பூச்சி தின்றாலும் பயிர் தேறிவிடும், அதற்காக மருந்து வேண்டாம் என்று பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் சொல்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். "ஒரு ஏக்கர் தர்றேன், அதுல நீ என்ன வேணா பண்ணு, மத்த ரெண்டுல கைவைக்காதே" என்றார். சரி என்றேன்.

நாற்றுப் பறித்ததும் நுனியைக் கிள்ளிவிட்டு நட்டோம், தண்டு துளைப்பான் முட்டை வைப்பது அங்கேதான். யூரியாவைக் குறைத்து மூன்று தடவையாகப் பிரித்துப் போட்டேன், ஏனென்றால் பயிர் கரும்பச்சையாகக் கொழுத்தால் புகையானுக்கு விருந்து. இதெல்லாம் சுலபம். சும்மா இருந்ததுதான் கஷ்டம். இருபத்தைந்தாம் நாள் இலையெல்லாம் பூச்சி சுரண்டிய வெள்ளைக் கோடு, சித்தப்பா வரப்பில் நின்று "பயிரைச் சாகடிக்கிறியேடா" என்று கத்தினார், அம்மா சோறு போடும்போதுகூட முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் தினமும் விடிகாலையில் இறங்கி, வயலுக்குள் அங்கங்கே இருபது தூரைப் பிரித்து, தண்ணீர் மட்டத்துக்குக் குனிந்து பார்ப்பேன். ஒரு நாள் பழுப்புச் சிலந்தி ஒன்று பின்பக்கம் வெள்ளை முட்டைப்பையைச் சுமந்துகொண்டு தண்ணீர் மேலேயே ஓடியது. நாளைக்கு ஐந்திலிருந்து பதினைந்து புகையான் வரை தின்னக்கூடியது அது. அன்றைக்குத்தான் எனக்குத் தைரியம் வந்தது. ஐம்பதாம் நாளில் புது இலைகள் அந்தக் கோடுகளையெல்லாம் மூடிவிட்டன.

அறுப்பில் அப்பாவின் ஏக்கரைவிட நாலு கூடை குறைவு, ஒரு கூடை என்பது இருபத்தொரு கிலோ போல நெல். மருந்துக் காசையும் அடிகூலியையும் கழித்துப் பார்த்தால் கையில் நின்றது என் ஏக்கரில்தான் அதிகம். அடுத்த வருஷம் அப்பா மூன்று ஏக்கரையும் என் போக்குக்கே விட்டுவிட்டார்.

உளுந்து அவ்வளவு லேசில்லை. மஞ்சள் தேமல் நோய் வந்த செடியை முதலிலேயே பிடுங்கிவிடுகிறேன், வெள்ளை ஈ அதைப் பரப்பாமல் இருக்க. காய்ப்புழுவுக்கு மாக்வே பக்கமிருந்து வரவழைத்த வேப்பங்கொட்டை. மூன்று வீசை, அதாவது ஐந்து கிலோ போல, பருப்பை இடித்து ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, சோப்பு கரைத்து, 100 லிட்டராக்கி, வெயில் தாழ்ந்த பிறகு அடிக்க வேண்டும், வெயில் பட்டால் வீரியம் போய்விடும். புழு சின்னதாக இருக்கும்போது இது கேட்கிறது. காய்க்குள் புகுந்துவிட்டால் கேட்பதில்லை, போன வருஷம் அப்படி ஆகி ஒரு தடவை கடை மருந்தேதான் அடித்தேன். இந்தத் தடவை பூ எடுக்கும் முன்னாலேயே ஆரம்பிப்பதற்காகக் கொட்டையை இடித்து வைத்திருக்கிறேன்.