கல் தானாக உட்கார வேண்டும்

ஒட்டுவதற்கு முன்னாலேயே கல் தானாக நிற்க வேண்டும். வீடுகளில் பெரிய மீன் தொட்டிகளுக்குப் பாறை அடுக்கிக் கொடுக்கும் வேலையில் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் விதி இது. தொட்டி வாங்குபவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு படத்தோடு வருவார்கள். வளைவு, குகை, காற்றில் தொங்குவதுபோல நீட்டிக்கொண்டிருக்கும் தட்டுப்பாறை. அப்புறம் முதல் கேள்வியே, "எந்தப் பசை போடுவீங்க?" என்பதாக இருக்கும். நான் கற்களைப் பார்த்த பிறகுதான் பசையைப் பற்றிப் பேசுவேன்.

பசைகள் மோசம் என்று சொல்லவில்லை. சூப்பர் க்ளூ ஜெல், கையால் பிசைந்து வைக்கும் எபாக்ஸி மாவு, தண்ணீருக்குள்ளேயே இறுகும் சிமென்ட் எல்லாமே நல்ல பொருட்கள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பலவீனம் உண்டு. சூப்பர் க்ளூ இறுகியதும் கண்ணாடிபோல விறைப்பாகிவிடும். நேராக இழுத்தால் தாங்கும், பக்கவாட்டில் ஒரு தட்டு விழுந்தால் விட்டுவிடும். எபாக்ஸி மாவு ஈரக் கல்லில் சரியாகப் பிடிக்காது. பள்ளத்தை அடைத்துக்கொண்டு ஆப்புபோல இறுகுவதுதான் அதன் பலம். அதனால் இரண்டையும் சேர்த்து, எபாக்ஸிக்கு மேலும் கீழும் ஜெல் வைத்து அழுத்துவோம். சிமென்ட் என்றால் அதிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து தண்ணீரின் பிஎச், அதாவது காரத்தன்மை, ஏறும். எனவே தொட்டிக்குள் போகும் முன் வாரக்கணக்கில் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும், பசை கல்லை நகராமல் பார்த்துக்கொள்ளும் காவல்தான். பாரத்தை அதன் தலையில் ஏற்றக் கூடாது.

பாரத்தைத் தாங்க வேண்டியது உட்காரும் இடம். ஒரு கல் கீழே உள்ளதை மூன்று இடங்களில் தொட்டால் ஆடாது. அந்த மூன்று புள்ளிகளுக்கு நடுவில் அதன் கனம் இறங்கினால் சாயவும் சாயாது. நாலாவது புள்ளி வந்தால்தான் பல நேரம் ஆட்டமே ஆரம்பிக்கிறது. கல்லைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்ப்பேன். ஆடும் கல் விரலால் அழுத்தும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். நன்றாக அமர்ந்த கல்லிடம் சத்தமே வராது. கண்ணைவிடக் காதை நம்புவது இந்த இடத்தில்தான். ஒரு கல்லுக்கே அரை மணி நேரம் போனாலும் போகட்டும். தரையில் தொட்டியின் அளவுக்குக் கோடு போட்டு, முழுவதையும் வெளியிலேயே அடுக்கி, உச்சிக் கல்லை நாலு பக்கமும் தள்ளிப் பார்த்த பிறகுதான் உள்ளே வைப்பேன்.

வெளியில் நின்றது தண்ணீருக்குள்ளும் அப்படியே நிற்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 10 கிலோ கருங்கல் தண்ணீருக்குள் ஏறக்குறைய 6.3 கிலோ எடைதான் காட்டும், மீதியைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. எடை குறைந்தால் கல்லும் கல்லும் உரசிப் பிடிக்கும் பிடியும் அதே அளவுக்குக் குறையும். துளைகள் நிறைந்த பவளப்பாறையில் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும்வரை இன்னும் லேசாக இருக்கும். பிறகு பாசி படர்ந்து தொடும் இடம் வழுக்கும். ஆனால் மீன் மோதும் வேகமோ, மோட்டார் தள்ளும் நீரோட்டமோ குறையப் போவதில்லை. அதனால் வெளியே 'பரவாயில்லை' என்று தோன்றும் அடுக்கைக்கூட நான் கலைத்துவிடுவேன்.

மண் தோண்டும் உயிர்களை மறக்கவே கூடாது. மலாவி ஏரியின் சிக்லிட் மீன்கள் பாறைக்கு அடியிலுள்ள மணலை வாயில் அள்ளி வெளியே துப்பும். பிஸ்டல் இறால் அடியில் சுரங்கமே போடும். கடல் முள்ளெலி சின்னக் கல்லை முட்டி நகர்த்தும். மணலைப் பரப்பி அதன்மேல் கல் வைத்தால், அடித்தளத்தை அவற்றின் கையில் கொடுத்தது மாதிரி. முதலில் கல், கடைசியில்தான் மணல். கல் நேராகக் கண்ணாடியில் உட்காராதபடி நடுவில் ஒரு பிளாஸ்டிக் வலைத்தட்டு வைத்தால், கூர்முனையின் கனம் ஒரே புள்ளியில் இறங்காது. அடிக்கண்ணாடி டெம்பர்ட் வகை, அதாவது சூடாக்கிக் கடினப்படுத்தியது என்றால் இது இன்னும் முக்கியம். ஒரு மூலையில் பலமாக அடிபட்டாலும் மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும். 180 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 60 உயரம் உள்ள தொட்டி விளிம்பு வரை நிறைந்தால் தண்ணீர் மட்டும் 648 லிட்டர். அத்தனையும் வீட்டுத் தரையில் ஓடும்.

வளைவும் நீட்டுப் பாறையும் வேண்டும் என்பவர்களுக்கு ட்ரில் போட்டு, அக்ரிலிக் அல்லது ஃபைபர் கண்ணாடிக் கம்பி செருகுகிறேன். பக்கவாட்டுத் தள்ளலை அந்தக் கம்பி வாங்கிக்கொள்ளும். இரும்பு உப்புநீரில் துருப்பிடிக்கும். செம்பு, பித்தளை பக்கமே போகக் கூடாது. இறாலுக்கும் பவளத்துக்கும் செம்பு விஷம். பவளம் வளர வளர அதன் கனமும் நுனியில்தான் ஏறும் என்பதால், நீட்டுப் பாறையின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட நல்ல கனமாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

கண்ணாடிக்கும் பாறைக்கும் நடுவே கையும் துடைப்பானும் தாராளமாகப் போக இடம் விட வேண்டும். இதில் வீட்டுக்காரர்களோடு நிறைய வாதாடியிருக்கிறேன். அவர்களுக்கு ஓரம்வரை பாறை நிரம்பி இருந்தால்தான் அழகு. இடைவெளி இல்லாத இடத்தில் நீரோட்டம் செத்துப்போகும், கழிவு சேரும். அதைச் சுத்தம் செய்யக் கையை நெருக்கி விடும்போதுதான் கல் இடறும்.

எல்லாவற்றையும் ஒரே மலையாக ஒட்டிவிடுவதும் எனக்குப் பிடிக்காது. மற்ற மீன்களைத் துரத்தி அடிக்கும் ஒரு மீனைப் பிடிக்க வேண்டிய நாள் வரும். பாறைக்குள் ஒளிந்துகொண்டால் வலைக்குச் சிக்காது. அதனால் மூன்று நாலு துண்டுகளாகக் கட்டுகிறேன். ஒவ்வொரு துண்டும் தனியாக நிற்கும், ஓர் ஆள் இரண்டு கையால் தூக்கி வெளியே எடுக்கவும் முடியும். எங்கே ஒட்டியிருக்கிறது, எங்கே சும்மா வைத்திருக்கிறது, எந்தத் துண்டை முதலில் எடுக்க வேண்டும் என்று குறித்த ஒரு படத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன்.