41ஆம் பக்கத்துச் சிவப்பு மை

நம் தமிழ் ஐயா காலமான செய்தி, இந்த ஆண்டு மாசி மாதத்தில் ஒருநாள் லண்டனில் விடியற்காலை ஐந்து மணிக்கு நம் பள்ளியின் பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. சென்னையில் அப்போது பத்தரை மணி. இரண்டாம் பீரியட் நடந்துகொண்டிருக்கும். நான் எழுந்து போய், வீடு மாறும்போதெல்லாம் கூடவே கொண்டுவந்திருக்கும் தகரப் பெட்டியைத் திறந்து, ஐயாவின் கையெழுத்து உள்ள ஒரே பொருளை வெளியே எடுத்தேன். அது 80 பக்கக் கோடு போட்ட நோட்டு. 1991–93 ஆண்டு மேல்நிலை மாணவர்களில் பலர் அதைத் தொட்டிருப்பீர்கள். இயற்பியல் ரெக்கார்டு நோட்டின் அட்டைக்குள் ஒளிந்துகொண்டு ‘அ’ பிரிவிலிருந்து ‘இ’ பிரிவு வரை சுற்றிவந்தது அதுதான்.

அதில் நான் எழுதியவை பாட்டு விமர்சனங்கள். 1991இல்தான் ஸ்டார் டிவியோடு எம்டிவியும் நம் தெருக்களுக்கு வந்தது. கேபிள் இணைப்பு வைத்திருந்த மாடி வீட்டு மாமாவின் கூடத்தில், தரையில் உட்கார்ந்து, ஆர்.ஈ.எம். என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘லூசிங் மை ரிலிஜன்’ பாடலை முதன்முதலாகப் பார்த்த மாலையை என்னால் மறக்க முடியவில்லை. அந்தப் பாட்டைத் தூக்கி நிறுத்துவது மேண்டலின். நம் ஊரில் மேண்டலின் என்றால் யூ. ஸ்ரீநிவாஸ். கச்சேரி மேடையில் தெரிந்த அந்தக் கருவி, முற்றிலும் தெரியாத ஓர் ஊரில், தெரியாத ஒரு துயரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை வாசித்த பீட்டர் பக் அப்போதுதான் அந்தக் கருவியை வாங்கிப் பழகிக்கொண்டிருந்தார் என்பதையும், அந்தக் காட்சியை இயக்கிய தர்செம் சிங் ஜலந்தரில் பிறந்தவர் என்பதையும் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன்.

பிறகு சிங்கப்பூரிலிருந்து வந்த அத்தை மகன் நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ கேசட்டைக் கொண்டுவந்தான். புரசைவாக்கத்துப் பதிவுக் கடையில் அதை 90 நிமிட டிடிகே கேசட்டில் ஏற்றி, பக்கத்துக்கு 45 நிமிடம் என்ற கணக்கில் மிச்சமிருந்த இடத்தை வேறு பாட்டுகளால் நிரப்பிக்கொண்டோம். அந்த வகை இசைக்குச் சொன்ன ‘ஆல்டர்நேட்டிவ்’ என்ற சொல்லுக்கு எங்களுக்குச் சரியான பொருள் தெரியாது. ஆனால், பெரிய அரங்குகளுக்காகச் செய்த பாட்டுகளில் இல்லாத ஒன்று, பக்கத்து அறையில் ஒருவன் தனக்காகப் பாடுவது போன்ற ஒன்று, அதில் இருந்தது. கேட்டதை யாரிடமாவது சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. ஆங்கிலத்தில் எழுத வராது, தமிழில் எழுதினேன்.

1992 ஆகஸ்டில், ஐயா அணி இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தபோது நோட்டு பிடிபட்டது. அவர் அடிக்கவில்லை. பிரம்பை மேசையில் வைத்துவிட்டு, செய்யுள் வாசிக்கும் அதே கணீர்க் குரலில் என் விமர்சனத்தை வகுப்புக்கு வாசித்துக் காட்டினார். ஒரு வரியில் நின்றார்.

“‘இந்தப் பாட்டு நெஞ்சைப் பிசைகிறது’ என்று எழுதியிருக்கிறாய். பிசைந்தது யார், தம்பி? பாடுகிறவனா, கம்பி வாசிக்கிறவனா, தோல் அடிக்கிறவனா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஐம்பது பேர் சிரித்தார்கள். அன்றிலிருந்து பொதுத்தேர்வு முடியும்வரை எனக்குப் ‘பரோட்டா மாஸ்டர்’ என்று பெயர். மாமரத்தடி வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து மாவு பிசையும் சத்தம் எழுப்புவார்கள். அந்தச் சிரிப்பை நான் நெடுங்காலம் சுமந்தேன். ஐயா அதை அடக்கியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் நான்காம் நாள் ஆசிரியர் அறைக்கு அழைத்து நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, அதன் ஒவ்வொரு பக்கமும் கட்டுரை நோட்டைப் போலத் திருத்தப்பட்டிருந்தது. றகர ரகரப் பிழைகளைச் சரிசெய்திருந்தார். ‘அருமை’, ‘பிரமாதம்’ என்று நான் எழுதிய இடங்களையெல்லாம் வட்டமிட்டு, பக்கத்தில் ‘என்ன கேட்டது?’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். சில பக்கங்களில் அந்தக் கேள்வி ஐந்து முறை இருந்தது. பிறகு அலமாரியிலிருந்து சிலப்பதிகாரத்தை எடுத்து அரங்கேற்று காதையைப் பிரித்தார். மாதவியின் அரங்கேற்றத்துக்கு வந்த ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவரும் என்ன செய்ய வல்லவர் என்று இளங்கோவடிகள் தனித்தனியாகச் சொல்லும் இடம் அது. தண்ணுமை என்ற தோல்கருவியை வாசிப்பவனுக்கு அவர் சொல்லும் தகுதியில் ‘ஆக்கலும் அடக்கலும்’ என்று ஒரு தொடர் வருகிறது. மற்றக் கருவிகளில் குறை தெரிந்தால் நிரப்ப வேண்டும், மிகை தெரிந்தால் அடக்க வேண்டும். “நீ கேட்கிற பாட்டிலும் தோல் அடிக்கிறவன் இதைச் செய்கிறானா என்று கேட்டுவிட்டு வா” என்றார். வெள்ளைக்காரன் பாட்டை ஏன் கேட்கிறாய் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அன்றிரவு ‘நெவர்மைண்ட்’டின் முதல் பாட்டைப் பதினைந்து முறையாவது கேட்டிருப்பேன். மெல்லிய பகுதி வந்ததும், அதுவரை முழங்கிய கிடார் இரண்டே சுரங்களாக ஒடுங்கிக்கொள்கிறது; பாட்டைப் பேஸ் கிடாரும் டிரம்ஸும் தாங்குகின்றன. உச்சத்துக்குப் போகும் நேரத்தில் வழியை வெட்டித் திறந்துவிடுவது டேவ் குரோலின் டிரம்ஸ். பிசைந்தது யார் என்று எனக்கு விடை கிடைத்தது. ‘அருமை’ என்ற சொல் இல்லாமல் எழுதிய என் முதல் விமர்சனம் அதுதான்.

அந்த விமர்சனம் முடியும் 41ஆம் பக்கத்தின் அடியில் ஐயா எழுதியதை இங்கே அப்படியே தருகிறேன்: ‘நன்று. கடல் தாண்டி இருப்பவனை இவ்வளவு கூர்ந்து கேட்கிறாய். உன் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒருவன் பாடுகிறானே, அவன் எந்தப் பக்கத்தில் வருவான்?’

அவனை நம் செட்டில் எல்லோருக்கும் தெரியும். வியாசர்பாடியிலிருந்து வருவான். மதிய உணவு முடிந்ததும் பெஞ்சில் கானா பாடுவான். பலகையின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் குத்தினால் மோளம். விளிம்பில் விரல் நுனிகளால் உருட்டினால் சட்டி. காம்பஸும் டிவைடரும் போட்டு மூடிய ஜியோமெட்ரி பாக்ஸை இடது கையால் குலுக்கினால் சலங்கை. அவனுடைய தாத்தா இறந்து, ஒரு வாரம் கழித்துப் பள்ளிக்கு வந்தபோது, சாவு வீட்டில் இரவு முழுவதும் பாடிய கானாவை எங்களுக்குப் பாடிக் காட்டினான். கைவண்டி இழுத்த ஒரு மனிதனின் வாழ்க்கை அதில் முழுதாக இருந்தது. மற்றவர்கள் தாளம் போட்டார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, நிர்வாணாவோடு சேர்த்துப் பேசப்பட்ட சியாட்டில் என்ற ஊர் எங்கே இருக்கிறது என்று அட்லஸில் தேடிக்கொண்டிருந்தேன்.

ஐயாவின் கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. சபாவில் பாடினால் சங்கீதம், படத்தில் வந்தால் பாட்டு, சாவு வீட்டில் பாடுவது இரண்டுமில்லை என்று நான் வளர்ந்த வீடும் தெருவும் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தன. அதை நான் நம்பினேன். அவன் அரைப் பரீட்சைக்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை. ஏன் என்று நான் விசாரிக்கவும் இல்லை.

1999இல் லண்டனுக்கு வந்தேன். பிபிசி வானொலியில் ஜான் பீல் இன்னும் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். 1967இல் ரேடியோ 1 தொடங்கியதிலிருந்து 2004இல் இறக்கும்வரை, பெயர் தெரியாத குழுக்களின் பதிவுகளை ஒலிபரப்பி வந்த மனிதர். அவர் குரலைக் கேட்டபடி இரவில் பாத்திரம் கழுவிய ஆண்டுகளில்தான் எனக்கு இந்த ஊர் பழகியது. மை பிளடி வேலன்டைன் குழுவின் ‘லவ்லெஸ்’ தொகுப்பையும் இங்கேதான் கண்டடைந்தேன். அந்தக் குழுவின் கெவின் ஷீல்ட்ஸ் கிடாரின் அதிர்வுக் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டே தந்திகளை மீட்டுவதால், சுரம் ஓரிடத்தில் நிற்காமல் கமகம் போல அசைந்துகொண்டே இருக்கும். ஐயா கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். இன்றுவரை புதிதாக ஒரு பாட்டைக் கண்டுபிடித்தால் நண்பர்களுக்கு நான்கு வரி எழுதி அனுப்புகிறேன். ‘அருமை’ என்று எழுதுவதில்லை.

2017இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்களின் வரிசையில் சேர்த்தது. அதை அடுத்து வந்த 2018 ஜனவரி 6ஆம் நாள், கீழ்ப்பாக்கத்தில், திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் தென்மாவும் உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு முதல்முறையாக மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன ‘சாதியில்லாத் தமிழர்’ என்பதிலிருந்து எடுத்த பெயர். கானா, ராப், ராக் மூன்றும் கலந்து பாட 19 பேர். நான் அதைச் செல்பேசியில், பனி பெய்த ஓர் இரவில், ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். எலெக்ட்ரிக் கிடாருக்குக் கீழே கட்டை மோளமும் சட்டியும் பறையும் புகுந்து, ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பிக்கொண்டிருந்தன. சட்டியின் உருட்டு கேட்டதும் நான் செல்பேசியை அணைத்துவிட்டேன். அந்தச் சத்தத்தை நான் முன்பே கேட்டிருந்தேன். பலகை பெஞ்சில், மூன்று வரிசை தள்ளி. அந்தக் குழுவில் பாடிய கானாப் பாடகி இசைவாணி 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றபோது, என் அலுவலகத்தில் ஆங்கிலேயர் ஒருவர் கானா என்றால் என்ன என்று என்னிடம் கேட்டார். ஊரிலேயே இருந்திருந்தால் இதையெல்லாம் கேட்டிருப்பேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை, ஊரில் இருந்தபோதே கேட்கவில்லையே. இருந்தாலும் கீழ்ப்பாக்கத்துக் கூட்டத்தில் நின்றிருக்க வேண்டும் என்ற ஏக்கம் போகவில்லை. அடுத்த பயணத்தில் ஐயாவைப் பார்த்து இதைச் சொல்லலாம் என்று இருந்தேன். ஏழு பயணங்கள் போய்வந்தேன்.

நோட்டில் 42ஆம் பக்கம் காலியாக இருக்கிறது. செய்தி வந்த காலையில் அதில் எழுத உட்கார்ந்தேன்: ‘கேட்டது: இறந்துபோன தாத்தாவுக்கான கானா. இடம்: பன்னிரண்டாம் வகுப்பு ‘அ’ பிரிவு, மதிய இடைவேளை. குரல் மேலே ஏறுவதற்கு முன் அடித்தொண்டையில் ஒரு கணம் நிற்கிறது. அந்த இடத்தில் தாளமும் நிற்கிறது. மறுபடி தொடங்குவது இடது கை, ஜியோமெட்ரி பாக்ஸ்.’

அதற்கு மேல் நகரவில்லை. முதல் அடியில் கைவண்டியும் மூலக்கொத்தளத்துச் சுடுகாடும் வருவது நினைவிருக்கிறது. இரண்டாம் அடி மறந்துவிட்டது. அன்று அவனோடு தாளம் போட்டவர்கள் இந்த மலரைப் படித்தால், அந்த அடியையும் அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்பதையும் எனக்கு எழுதுங்கள்.