வானம் தோண்டிய நாட்கள்

வீட்டுக்கு அஸ்திவாரம் போடப் பறிக்கும் பள்ளத்தை எங்கள் ஊர்க் கொத்தனார்கள் ‘வானம்’ என்பார்கள். “நாளைக்கு வானம் தோண்டுகிறோம்” என்று அவர்கள் சொல்லும்போது சிறுவயதில் எனக்குச் சிரிப்பு வரும். பின்னாளில் சிங்கப்பூரில், ஷெண்டன் வே அருகே எழவிருந்த அலுவலகக் கோபுரம் ஒன்றின் கடைக்கால் வேலையில் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்தேன். வேலித் தகரத்தில் ஒட்டியிருந்த படத்தில் கட்டடம் மேகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. உள்ளே நாங்கள் ஒன்பது மாதம் குனிந்த தலை நிமிராமல் வானம் தோண்டினோம்.

அந்தப் பகுதியில் பாதி நிலம் ஒரு காலத்தில் கடல். பக்கத்தில் தெலோக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா இருக்கிறது. தென்னிந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம்கள் 1828-30இல் அதைக் கட்டியபோது வாசலுக்கு எதிரே அலை அடித்தது. பிறகு கடலைத் தூர்த்துக்கொண்டே போனார்கள். இன்று அங்கே நின்றால் கட்டடங்களின் முதுகுதான் தெரிகிறது. அந்த முதுகுகளுக்கு நடுவில் எங்கள் மனை.

முதல் சில வாரங்கள் பெரிய இயந்திரம் எதுவும் உள்ளே வரவில்லை. மின்கம்பி, தொலைபேசிக் கம்பி, தண்ணீர்க் குழாய் எங்கே ஓடுகின்றன என்று பார்க்க ஆட்கள் கையால் சோதனைக் குழி எடுத்தார்கள். வரைபடம் காட்டிய இடத்தில் கம்பி இருக்காது. இருக்காது என்ற இடத்தில் இருக்கும். பக்கத்துக் கட்டடங்களின் சுவரில் பழைய விரிசல்களையெல்லாம் படம் எடுத்து, தேதி எழுதி வைத்தோம். இல்லையென்றால் பின்னால் அத்தனை விரிசலும் நம் கணக்கில் ஏறிவிடும். அருகிலேயே எம்.ஆர்.டி. ரயில் ஓடும் சுரங்கம். அது எந்தத் திசையிலும் 15 மில்லிமீட்டருக்கு மேல் அசையக்கூடாது என்பது விதி. சுண்டுவிரல் அகலம்தான். 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலையில் ரயில் பாதைக்காகத் தோண்டிய பள்ளம் சரிந்து நான்கு பேர் இறந்தது அங்கே எல்லோருக்கும் தெரியும். அளவுக் கருவிகளைக் காலையில் படிக்காமல் யாரும் தேநீர் குடிக்க மாட்டார்கள்.

பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்களே தவிர, அதன் கால்கள் மண்ணுக்குள்ளேயே இருந்தன. ஒருநாள் தோண்டிய மண்ணோடு ஒரு கழி வந்தது. பாக்காவ் என்கிற கண்டல் மரம்; அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் அதைத்தான் நெருக்கமாக அடித்து அதன்மேல் கட்டினார்கள். நிலத்தடி நீருக்குக் கீழே காற்றுப் படாமல் கிடந்ததால் பட்டைகூட உரியவில்லை. உடைத்த இடத்தில் உள்மரம் சிவப்பாக இருந்தது. வெயிலில் கிடந்து மறுநாளே வெடித்துப்போயிற்று.

பைல் என்னும் ஆழ்தூண்களுக்குத் துளை போடும் இயந்திரமான பைலிங் ரிக் வந்த நாளில் முதலாளி தரப்பில் ஊதுபத்தியும் வறுத்த பன்றியும் வைத்தார்கள். நம் ஆட்கள் சக்கரச் சங்கிலிக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ரிக்கை ஓட்டியவர் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர். இருபது வருடமாகத் துளை போடுகிறவர். ஆட்கள் முன்னால் என்னை “சார்” என்பார், தனியாக இருக்கும்போது “தம்பி”. எனக்கு அவர் அண்ணன்.

மேலே தூர்த்த மணல். அடுத்துக் கடல் களிமண்: சாம்பல் நிறம், விரலில் எடுத்தால் வெண்ணெய், உள்ளே உடையாத சிப்பி. அதற்கும் கீழேதான் வில்லங்கம். ‘ஃபோர்ட் கேனிங் போல்டர் பெட்’ என்று அந்த மண்ணுக்குப் பெயர். இறுகிய களிமண்ணுக்குள் பாறை உருண்டைகள், பொங்கலில் முந்திரி மாதிரி. தேங்காய் அளவும் உண்டு, ஆளுயரமும் உண்டு. துளையிடும்போது பாறை தட்டுப்பட்டால் அது அடிப்பாறை என்று எண்ணி நிறுத்திவிடக்கூடாது. உருண்டைக்குக் கீழே மறுபடி களிமண் இருக்கும்.

ஒருமுறை நான் நிறுத்தச் சொல்லிவிட்டேன். அண்ணன் இயந்திரத்தை அணைக்கவில்லை. “இது உருண்டை, தம்பி. தண்டு ஒரு பக்கமாகத் தள்ளுகிறது, சத்தமும் சீராக இல்லை” என்றார். ஒரு மீட்டர் தாண்டியதும் வாளியில் களிமண் வந்தது. என் கையிலிருந்த மண் ஆய்வு அறிக்கை நாற்பது பக்கம்.

இதற்குப் பிறகாவது அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

துளை இடிந்துவிடாமல் பெண்டோனைட் என்ற களிமண்ணைக் கரைத்த சேறு நிரப்பி, கம்பிக் கூண்டை இறக்கி, டிரெமி என்ற நீளக் குழாயை அடிவரை விட்டு அதன் வழியே கான்கிரீட் ஊற்றுவோம். கான்கிரீட் கீழிருந்து ஏற ஏறச் சேறு மேலே தள்ளப்படும். குழாயின் முனை எப்போதும் கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்க வேண்டும். அது ஒன்றுதான் வேதம். துளையின் குறுக்களவு 1.2 மீட்டர். 9 கன மீட்டர் லாரி ஒன்று இறங்கினால் ஏறத்தாழ 8 மீட்டர் ஏறும். அன்று மழை. லாரிகள் நெரிசலில் மாட்டித் தாமதமாக வந்தன. நான்காவது லாரி காலியானபோது மனக்கணக்குப் போட்டேன்: முனை ஏற்கெனவே 3 மீட்டர் உள்ளே, இன்னும் 8 ஏறியிருக்கும், ஆக 11. குழாயின் மூன்று மீட்டர்த் துண்டுகளில் மூன்றைக் கழற்றலாம்.

“குண்டு போட்டுப் பார்க்கட்டுமா, சார்?” என்று கேட்டார் அண்ணன். நுனியில் எடை கட்டிய நாடாவை இறக்கிக் கான்கிரீட் மட்டத்தை அளப்பது. இரண்டு நிமிட வேலை.

“வேண்டாம், கழற்றுங்கள்” என்றேன்.

கழற்றிய பிறகுதான் குண்டு போட்டோம். கான்கிரீட் 8 மீட்டர் ஏறவில்லை, 4 மீட்டர்தான் ஏறியிருந்தது. எங்கோ ஓர் உருண்டை பெயர்ந்த பொந்துக்குள் மீதி போய்விட்டது. முனை கான்கிரீட்டை விட்டு வெளியே வந்து, சேற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. பைலுக்குள் நீளவாக்கில் வைத்திருந்த சோதனைக் குழாய்களில் ஒலி அலை விட்டுப் பின்னர் சோதித்தபோது, சரியாக அந்த ஆழத்தில் கோடு நெளிந்தது. அந்தப் பைல் கணக்கிலிருந்து நீங்கியது. பதிலுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு புதிய பைல்கள். தலைமைப் பொறியாளர் திட்டவில்லை. “குண்டு போட்டாயா?” என்று மட்டும் கேட்டார். அறிக்கையில் ‘இல்லை’ என்று நானே எழுதிக் கையெழுத்திட்டேன். அண்ணன் தாம் கேட்டதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. அது எனக்குத் திட்டைவிடக் கனத்தது.

கடைசிப் பைல் முடிந்த வாரம் ரிக்கைப் பிரித்து நள்ளிரவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் கூட்டமும் கலைந்தது. படத்தில் இருந்த கட்டடம் எழுந்ததை நான் பார்க்கவில்லை. அப்போது வேறொரு மூலையில் வேறொரு குழி.

போன தை மாதம் அண்ணன் ஊரிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். வீடு கட்டத் தொடங்கியிருக்கிறாராம்.

“வானம் நான்கடி எடுத்துவிட்டேன், தம்பி. செம்மண் கெட்டியாக வந்துவிட்டது. போதுமா?”

“கடப்பாரை இறங்குகிறதா, அண்ணே?”

“இல்லை. நங்கென்று நிற்கிறது.”

“ஒரே இடத்தில் குத்தினீர்களா?”

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரிப்பு. “இரு, நான்கு மூலையிலும் குத்திவிட்டுச் சொல்கிறேன்” என்று வைத்துவிட்டார்.